எட்டு ஜிபி, கையில் மூன்று

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு வயது 12. பட்டனைத் தட்டிவிட்டு, காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரையில் அம்புக்குறி அசையும். "ரேம் மாத்துங்க சார், பறக்கும்" என்றார்கள்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். "டிடிஆர் த்ரீயா, த்ரீ எல்லா?" என்றார் கடைத் தம்பி. முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.35, இரண்டுக்கும் 204 பின். எனக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. டிடிஆர் ஃபோருக்கோ 260 பின், நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். என்ன அமுக்கினாலும் இறங்காது. (மாமனார் வீட்டு லேப்டாப்பில் அமுக்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.)

வீட்டில் பேட்டரியைக் கழற்றினேன். ரேமைச் சாய்வாகச் செருகி மெல்லக் கீழே அழுத்த, இருபுறக் கிளிப்பும் 'டக்' என்று கவ்வியது. அறுவை சிகிச்சை முடிந்த டாக்டரின் பெருமிதம். மூடியபின் ஒரு திருகு மிச்சமிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆன் செய்தால், போட்டிருப்பது 8 ஜிபி, பயன்படுவது மூன்று சொச்சம் என்கிறது. உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ். அதற்கு நாலு ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. அந்த நாலிலும் கிராபிக்ஸ் வகையறா பங்கு பிரித்துக்கொள்ளும்.

தம்பிக்கு போன் போட்டேன். "64 பிட் போட்டுடலாம் சார். அப்படியே ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி. ஸ்பீடே அதுலதான இருக்கு!"

இதை ரேமுக்குப் பணம் வாங்குமுன் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. அதுவரை காபிதான்.