பெட்டிப் பதிப்பும் ஏற்காட்டு விகாரங்களும்

பெட்டிப் பதிப்பு என்பது ஒரு கதையின் பல பாகங்கள் ஒரே உயரமும் ஒரே கட்டுமானமும் ஒரே முதுகெழுத்தும் உடையனவாய், ஒரு பக்கம் மட்டும் திறந்த அட்டைக்கூட்டுக்குள் செருகப்பட்டு நிற்பது. கடைக்காரர் இதை பாக்ஸ் செட் என்பார். வாங்கியவர் ‘என் செட்’ என்பார். வீட்டில் உள்ள மற்றவர்கள் ‘அந்தப் பெட்டி’ என்பார்கள். மூன்றும் ஒருபொருள் குறித்த பல சொல், குரல்தான் வேறு. தமிழில் இதற்குத் தலையாய சான்று கல்கியின் பொன்னியின் செல்வன். இரண்டு பாகத்தில் முடியும் யவன ராணியும் மூன்றில் முடியும் கடல் புறாவும் நான்கில் அடங்கும் சிவகாமியின் சபதமும் பெட்டிக்குத் தகுதியற்றவை அல்ல. ஆனால் அலமாரியில் ஒரு சாண் இடத்தை வளைத்துப் பட்டா போட ஐந்து பாகம் வேண்டும்.

பெட்டி என்றாலே மாயக்கதைத் தொடர் நினைவுக்கு வரும்; பொன்னியின் செல்வன் அப்படி ஆகுமா என்று ஒரு தடை எழும். ஆகாது என்பார் கட்சி, இது சோழர் வரலாற்றின்மேல் எழுந்த நாவல், அருள்மொழிவர்மன் கல்வெட்டில் இருக்கிறான் என்பது. ஆகும் என்பார் கட்சி, வானத்தில் வால்நட்சத்திரம், பூமிக்கடியில் சுரங்கப்பாதை, காளாமுகர் கூட்டம், பழிவாங்கக் காத்திருக்கும் ஆபத்துதவிகள், புத்தகத்தை மூடிய பிறகும் யார் மகள் என்று வாசகர்கள் சண்டை பிடிக்கும் ஒரு நந்தினி, இத்தனையும் இருக்க டிராகன் எதற்கு என்பது. சேகரிப்பவர் இந்த வழக்கில் ஆஜராவதில்லை. பாகம் ஐந்து, பெட்டி ஒன்று. அவருக்கு அது போதும்.

காலக்கணக்கும் இரண்டாம் கட்சிக்கே சாதகம். 1950 அக்டோபர் 29 இல் கல்கி வார இதழில் தொடங்கிய கதை 1954 மே 16 இல் முடிந்தது. டோல்கீனின் மோதிரக் கதையின் முதல் பாகம் லண்டனில் வெளியானது அதே ஆண்டு ஜூலை 29 இல். இடையில் பத்தரை வாரம். டோல்கீன் ஒரே நூலாக எழுதியதைத் தாள் விலைக்கு அஞ்சிப் பதிப்பகத்தார் மூன்றாகப் பிளந்தார்கள். கல்கி வாரவாரம் துண்டுதுண்டாக எழுதியது திரண்டு ஐந்தானது. பிளந்தது 1969 இல் ‘இந்தியா பேப்பர்’ என்னும் மெல்லிய தாளில் மறுபடியும் ஒரே நூலாகிப் பெட்டிக்குள் போயிற்று. அந்தத் தாளில் இந்தியா இருப்பது பெயரில் மட்டுமே.

தமிழர்க்குப் பெட்டி புதிதென்று சொல்ல முடியாது. ஓலைச்சுவடியின் மேலும் கீழும் ஒரே அளவில் அறுத்த இரு பலகை வைத்து, துளையில் கயிறு கோத்துச் சுற்றிக் கட்டியது பெட்டிப் பதிப்பின் பாட்டன். தந்தை, வார இதழிலிருந்து தொடர்கதையை மட்டும் கிழித்தெடுத்துச் சேர்த்து பைண்டரிடம் கொடுத்த தொகுதி. பைண்டர் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டித் தருவார். முதல் பாகத்துக்குப் பச்சைக் காலிகோ இருந்திருக்கும். இரண்டாம் பாகம் போகும்போது பச்சை தீர்ந்து மெரூன் வந்திருக்கும். ஓரத்தை வெட்டுகையில் கத்தி கொஞ்சம் உள்ளே போய், ஓவியர் மணியம் வரைந்த குதிரைக்கு வால் இல்லாமல் போனதும் உண்டு. ஆயினும் அந்தத் தொகுதியில் கதைக்குப் பின்பக்கம் சோப்பு விளம்பரமும் துணுக்கும் கிடைத்தன. பிற்காலப் பெட்டி எதிலும் அவை இல்லை. ஒரே சீரான ஐந்து வேண்டும் என்ற ஆசையை மெரூன் காலிகோதான் முதலில் கிளப்பிவிட்டது என்று கருத இடமுண்டு.

1990களின் கடைசியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அதற்குப் பின் எவரும் அச்சிடலாம் என்றாயிற்று; எவரும் அச்சிட்டார்கள். ஐந்து தனிப் பாகங்களாக, இரண்டு தடித்த நூல்களாக, தலையணைக்கு நிகரான ஒரே நூலாக, மலிவுத் தாளில், வழவழத் தாளில், வண்ணப் படத்தோடு, படமே இல்லாமல் என எல்லா வகையும் வந்தன. மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30 இலும் அதன் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 இலும் வெளியானபோது கடைகளில் நாவலின் அடுக்குகள் இன்னும் உயர்ந்தன. விளைவு, ஒரே வீட்டில் ஒரே கதையின் ஐந்து பாகமும் ஐந்து உயரத்தில் நிற்கும் நிலை. இதற்குக் கலப்புத் தொகுதி என்று பெயர். சேகரிப்பவர் கலப்புத் தொகுதியை வரவேற்பறையில் வைப்பதில்லை.

சீரான தொகுதியிலும் ஒரு சீரின்மை உண்டு. அது கல்கியே வைத்தது. புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மூன்றையும் நான்கையும் கூட்டினால் 92. அதாவது இரண்டு பாகத்தை ஒன்றாக வைத்து அமுக்கினால் ஐந்தாம் பாகம் கிடைக்கும், ஓர் அத்தியாயம் மிச்சத்தோடு. ஆகவே எந்தப் பெட்டியிலும் வலது ஓரத்தில் இருப்பது பந்தியில் இரண்டு இலை இடத்தைப் பிடித்து உட்காரும் மாமாவைப் போலத்தான் இருக்கும். இது தமிழுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஹாரி பாட்டர் ஏழிலும் பருத்தது ஐந்தாவதே. ஐந்தாம் பாகம் பருக்கும் என்பதை விதியாகக் கொள்ளலாமா என்றால், இரண்டு சான்று விதிக்குப் போதாது. ஆனால் பெட்டி செய்பவர் அட்டையை வெட்டும் முன் ஐந்தாவதை அளந்துகொள்வது நல்லது.

இனி, பெட்டி போய்ச் சேரும் நிலம். சேர்வராயன் மலையில் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சென்னைப் புத்தகக் காட்சியில் 10 விழுக்காடு கழிவுக்கு வாங்கிய பெட்டி ரயிலில் சேலம் வரை பழுதின்றி வரும். அங்கிருந்து பேருந்தில் மடிமேல் ஏறும். முதல் சில வளைவுகளில் பயணி பெட்டியைப் பிடித்துக்கொள்கிறார். பாதிக்கு மேல் பெட்டிதான் பயணியைப் பிடித்துக்கொள்கிறது. மேலே வந்து இறங்கியதும் கூட்டின் மூலைகளில் ஒன்று மழுங்கியிருக்கும். மழுங்கிய மூலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது மரபு.

கதைக்கும் இந்த மலைக்கும் நேர் உறவு கிடையாது. கதைநாயகன் வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் புறப்பட்டுத் தஞ்சைக்கும் கோடிக்கரைக்கும் ஈழத்துக்கும் போகிறானே ஒழிய, சேர்வராயன் மலையில் ஏறவில்லை. வானம் தெளிந்த நாளில் லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் நீர் வெள்ளிக்கீற்றாகத் தெரியும். பொன்னிக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவே. ஆனால் ஆடி மாதம் வந்தால் மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து அலமாரிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். முதல் அத்தியாயத்தை உரிய நாளில் படிக்க விரும்பும் ஏற்காட்டு வாசகர் ஈரக் கையோடுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். தாள் காய்வதற்கென்று நாள்காட்டியில் ஒதுக்கப்பட்டது தை முதல் சித்திரை வரை. சித்திரைக் கடைசியிலும் இடி மழை உண்டு.

நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது மாறுதல் இல்லாவிட்டால் இயல்புப் புணர்ச்சி, மாறினால் விகாரப் புணர்ச்சி, அவ்விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. கூட்டை நிலைமொழியாகவும் பாகத்தை வருமொழியாகவும் கொண்டால், சேலத்தில் நிகழ்வது இயல்பு. ஏற்காட்டில் நிகழ்வது மூன்று விகாரமும், பெரும்பாலும் ஒரே ஆண்டில்.

தோன்றல் என்பது முன்பு இல்லாத பூசணம் வருவது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நின்றால் போதும், பசையில் உள்ள மாவும் தாளில் உள்ள நாரும் அதற்குச் சோறு. தூசி படிந்திருக்கும் மேல்விளிம்பில்தான் அது முதலில் வரும். மணிமகுடத்துக்கு மகுடம் சூட்டுவது இப்படித்தான். சாம்பல்பச்சை நிறம், ஊதினால் பறந்து அடுத்த பாகத்துக்குக் குடிபோகும். ஆகையால் ஊதக் கூடாது என்பது பாலபாடம். ஊதாதவர் எவரும் இல்லை. சில ஆண்டு சென்றபின் தாளின் உள்ளே பழுப்புப் புள்ளிகள் எழும். ஏற்காட்டில் இதைத் தேமல் என்று சொன்னால் மருத்துவரும் புரிந்துகொள்வார், பைண்டரும் புரிந்துகொள்வார்.

திரிதல் நுட்பமானது. ஆலைத்தாளில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளாது, பருக்கும். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் அமைதியாக இருக்கும். குறுக்கே ஓடினால் தையல் ஒருபுறம் இழுக்க, பக்கம் அலை அலையாக எழும். மேலட்டையின் வெளிப்பக்கம் ஒட்டிய மேட் லேமினேஷன் ஈரத்தை விடாது, உள்பக்கத் தாள் விடும். உள்பக்கம் விரிய அட்டை வெளிப்புறமாக வளைந்து, வந்தவரை வாய் பிளந்து வரவேற்கும். கெட்டி அட்டைக்கும் இதே கதி, கொஞ்சம் தாமதமாக. ஐந்தும் இப்படி ஆளுக்கொரு நூல் கனம் பருத்தபின் பெட்டி மட்டும் பழைய அளவில் நிற்கிறது. கார்த்திகையில் வெளியே எடுத்த பாகம் மாசி வரை உள்ளே போகாது. பெருவிரலால் அழுத்தினால் கூட்டின் பக்கம் கிழியும். தட்டி நுழைத்தால் நான்காம் பாகம் பின்வழியாக அட்டையைப் பிதுக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். அந்த மூன்று மாதமும் வெளியே நிற்கும் பாகம், திருமணமாகிப் போய்த் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப் போல எல்லோரிடமும் பேச்சு வாங்கும்.

கெடுதல் என்பது இருந்தது இல்லாமற் போவது. இதைச் செய்வது இராமபாணப் பூச்சி. இருட்டும் ஈரமும் மாவுப்பசையும் மனித நடமாட்டமின்மையும் அதற்கு வேண்டும். பெட்டிப் பதிப்பு இந்நான்கையும் ஒரே கூரையின் கீழ் தருகிறது. அது தாளைத் துளைப்பதில்லை, மேல்பரப்பைச் சுரண்டி மெல்லிசாக்குகிறது. பாகத்தை உருவியவுடன் வெள்ளி மின்னலாக ஒரு நெளிவு. அடுத்த பாகத்தின் முதுகுக்குள் மறைவு. வெயிலும் இந்த வகையில் சேரும். சன்னலைப் பார்த்த முதுகில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய், நீலம் மிஞ்சும். பெட்டி மூன்று பக்கத்தைக் காப்பாற்றி, காட்ட வேண்டிய ஒரு பக்கத்தைப் பலி கொடுக்கிறது என்பது இதன் வடிவமைப்பிலேயே உள்ள முரண்.

காபித் தோட்டத்தவர் ஈரத்தை அறிந்தவர். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபி நட்டது முதல், களத்தில் காயும் கொட்டையைப் பல்லில் கடித்துப் பதம் பார்க்கும் வழக்கம் உண்டு. புத்தகத்துக்கு இந்தச் சோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பை எரியவிடுவது மலையூர்களின் பழைய வைத்தியம். வெளிச்சத்துக்காக அல்ல, வெப்பத்துக்காக. எல்.இ.டி. வந்தபின் மின்கட்டணம் குறைந்தது, பூசணம் கூடியது. வசம்பும் வேப்பிலையும் பூச்சிக்கு ஓரளவு ஆகும். அந்துருண்டை வைத்தால் குந்தவை வரும் காட்சியெல்லாம் போர்வைப் பெட்டி மணக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது, மாதாமாதம் மாற்றுவோருக்கு. நிழலில் விரித்து உலர்த்துவதே சிறந்தது. ஆனால் விரித்தால் அதை யாராவது படித்துவிடுவார்கள் என்ற அச்சம் சேகரிப்பவரிடம் காணப்படுகிறது.

அச்சம் நியாயமானதே. மூன்று விகாரமும் சேர்ந்து பத்தாண்டில் செய்யாததை இரவல் ஒரே மாலையில் செய்துவிடும். முதல் பாகம் கேட்பவர் திருப்பித் தருகிறார், ஏனெனில் இரண்டாவது வேண்டும். ஐந்தாவது வாங்கியவரும் முடிவு தெரிந்துவிட்டதால் கொடுத்துவிடுவார். காணாமல் போவது பெரும்பாலும் இரண்டாவது: பாதியில் சலித்தவர் படிக்கவும் மாட்டார், படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். கடையில் போய் இரண்டாம் பாகம் மட்டும் கேட்டால், செட்டாகத்தான் வரும் என்பது விடை. வேறு வழியின்றிப் புதுச் செட் வாங்கும் வீட்டில் ஒன்பது பாகம் சேர்கிறது. பழைய நான்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளியோடு தம் பெட்டியில் சாய்ந்து நிற்கின்றன. ஏற்காட்டிலோ சேலத்திலோ எவர் வீட்டுப் பரணிலாவது முதுகு நீலம் பாரித்த சுழற்காற்று தனியாகக் கிடந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடவும். மாசி மாதமாக இருந்தால் பெட்டிக்குள் போகும்.