சொர்க்கம் தெரிந்த பையனும் ஸ்க்ரூ தெரிந்த நானும்

பிரேசிலில் அடுத்தவர் வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள். அழைப்புமணி இருந்தாலும் பலர் தட்டத்தான் செய்வார்கள். நம் ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று கைதட்டினால் ஏதோ மனக்குறை உள்ளவர் என்போம், இல்லையென்றால் கட்சிக்காரர் என்போம். இங்கே அதுதான் மரியாதை. கொஞ்ச நாளிலேயே தட்டும் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். ஓங்கி இரண்டு தட்டு என்றால் கேஸ் சிலிண்டர். படபடவென்று நாலைந்து என்றால் பார்சல். ஒருவர் தைரியமாகவும் இன்னொருவர் அவரைப் பார்த்துத் தயங்கித் தயங்கியும் தட்டினால் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, அதாவது மோர்மன் சபை ஊழியர்கள்.

அந்தத் தட்டல் கேட்டதும் எங்கள் தெருவில் டிவி சத்தம் குறையும். வீட்டில் ஆளே இல்லாத மாதிரி ஓர் அமைதி பரவும். எனக்கு மட்டும் அந்த வித்தை கைவரவில்லை. நான் கேட்டுக்கு உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்துவிட்டார்கள். "இப்போது கொஞ்சம் வேலை இருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று நயமாகத் தட்டிக்கழிக்க நல்ல போர்ச்சுகீசியம் வேண்டும். "வாங்க" என்று சொல்ல ஒரு சொல் போதும். என் கையிருப்பு அந்த ஒரு சொல்தான். சொன்னேன். வந்தார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்த்தவன். சாவ் பாவ்லோ மாநிலத்தின் உட்பகுதியில், கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கும் பிராசிகாபா என்ற ஊரில் ஹூண்டாய் 2012-ல் ஆலை திறந்தது. அதன் தொடர்ச்சியாகச் சுற்றிலும் பெருகிய வேலைகளில் ஒன்றுக்கு என்னைக் குடும்பத்தோடு அனுப்பிவைத்தார்கள். துப்பி மொழியில் பிராசிகாபா என்றால் மீன் வந்து நிற்கும் இடமாம். ஆற்றில் அருவி குறுக்கிட, எதிர்நீச்சல் போடும் மீன் அதற்குமேல் போகாதாம். மொழி விஷயத்தில் நான் நின்ற இடமும் அதுதான்.

வந்த புதிதில் எனக்கு இந்த மொழியில் ஒரு மிதப்பு இருந்தது. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த சொற்கள்தானே, பாதி மொழி கையில் இருக்கிறது என்று மனைவியிடம் அளந்தேன். அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தச்சரிடம் பேசலாம். பல் டாக்டரிடம் பேச முடியாது. முடிவெட்டும் கடையில் இன்னும் மோசம். கடைக்காரர் என்ன கேட்டாலும் புன்னகையோடு "சிம்" (ஆமாம்) என்று தலையாட்டுவது என் வழக்கம். ஒருநாள் அவர் நீளமாக ஏதோ கேட்டார். சிம். மறுபடி ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வதுபோல் கேட்டார். சிம், சிம். கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருந்த மீசை ஒரே இழுப்பில் போய்விட்டது. வீட்டில் மகள் கதவைத் திறந்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

மனைவிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. தெருச்சந்தையில் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசியே மொழியைப் பிடித்துவிட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்கு போன் செயலி ஒன்று. "யானை ஆப்பிள் சாப்பிடுகிறது" என்று இதுவரை யாரிடமும் சொல்லத் தேவைப்படாத வாக்கியங்களில் நான் இப்போது கரைகண்டவன்.

வந்த இருவரில் நெட்டையன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பையன். பதினெட்டு முடிந்து மீசை அரும்பும் வயது. (மீசையை நான் கவனித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.) குட்டையன் பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலத்துக்காரன். இருவர் பட்டையிலும் 'எல்டர்' என்று இருந்தது. மூப்பர் என்று பொருள். மூப்பர்கள் இருவரையும் கூட்டினாலும் என் வயது வராது. புதிதாக வருகிறவனுக்கு முதல் சில வாரம் ஒரு மூத்த ஊழியன் பயிற்சி தருவான். அவனை இவர்கள் தங்களுக்குள் 'அப்பா' என்பார்களாம். இருபது வயது அப்பாவுக்குப் பதினெட்டு வயது மகன்.

பையன்களுக்கு இது இரண்டு வருஷ ஊழியம். சம்பளம் கிடையாது. செலவுக்குப் பணம் அவர்களும் வீட்டாரும் சேர்ந்து கட்டுகிறார்கள். எந்த நாடு என்பதைச் சபை தீர்மானிக்கும். இருவராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது. சாவ் பாவ்லோவில் இவர்களுக்கென்றே இருக்கும் பயிற்சி மையத்தில் ஆறு வாரம் மொழி படித்துவிட்டு நேராகத் தெருவில் இறங்கிவிடுகிறார்கள். ஆறே வாரம்! அந்த அவகாசத்தில் நான் செயலியின் கடவுச்சொல்லை இரண்டு தடவை மறந்திருந்தேன்.

முதல் சிக்கல் காபியில் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. பில்டரில் இறக்கி, நுரை ததும்ப ஆற்றி, டவரா தம்ளரோடு கொண்டுவந்து வைத்தாள் மனைவி. இருவரும் பதறிப்போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். 1833-ல் வந்த ஒரு வெளிப்பாட்டின்படி அவர்களுக்குக் காபி, டீ, மது, புகையிலை நான்கும் விலக்கு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்திலேயே அதிகம் காபி விளைவிக்கும் நாட்டுக்கு வந்து, வீட்டுக்கு வீடு நீட்டப்படும் சின்னக் கோப்பையை இரண்டு வருஷம் மறுத்துக்கொண்டே திரிவதென்றால் அது சாதாரண விரதமல்ல. ஏகாதசிக்கு மட்டும் காபியை விட்டுவிட்டு மறுநாள் வரை ஊரையே கடித்துக் குதறும் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, இவங்க யாருன்னு சொன்னீங்க?"

"மோர்மன்."

"அப்ப மோர் குடிப்பாங்கள்ல?"

கொண்டுவந்துவிட்டாள். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்ட நீர்மோர். ஐடஹோ பையன் ஒரு வாய் குடித்தான், கண் கலங்கியது, கடைசிவரை குடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். சபைக்காரர்கள் 2018-லிருந்து மோர்மன் என்று கூப்பிடுவதை விரும்புவதில்லை என்றும், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும் என்றும் குட்டையன் தன்மையாக விளக்கினான். மனைவியிடம் மொழிபெயர்த்தேன். "அவ்வளவு நீளப் பேருக்கு நம்மகிட்ட பதார்த்தம் இல்லையே" என்றாள்.

பேச்சு தொடங்கியதும்தான் வேடிக்கை. அமெரிக்கனைப் பார்த்த சந்தோஷத்தில் நான் இங்கிலீஷில் பொழிந்தேன். அவன் பிடிவாதமாகப் போர்ச்சுகீசியத்தில் பதில் சொன்னான், பழக வேண்டுமாம். சியாராப் பையன் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் எனக்கு இங்கிலீஷில் பதில் சொன்னான். அமெரிக்கன் அவனைப் போர்ச்சுகீசியத்தில் திருத்தினான். சமையலறையிலிருந்து மனைவி மூவருக்கும் தேவையானதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அங்கே சரளமாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

பையனின் போர்ச்சுகீசியத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மீட்பு, மனந்திரும்புதல், ஞானஸ்நானம், நித்திய ஜீவன் எல்லாம் தடையில்லாமல் வரும். பஸ் டிக்கெட் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயிற்சி மையத்தில் முதலில் சொல்லித்தருவது ஜெபமும் சாட்சியும்தான். எனக்கோ தொழிற்சாலை மொழி. திருகு, குறைபாடு, தாமதம், அவசரம், நிராகரிக்கப்பட்டது. இதற்கு மேல் என் வாய் திறக்காது.

இந்த மூலதனத்தோடு ஒருநாள் நான் முருகனை விளக்க நேர்ந்தது. சுவரில் தொங்கிய திருச்செந்தூர்க் காலண்டரைப் பார்த்து, "இவர் யார்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டான் பையன். வேலுக்கு எனக்குத் தெரிந்த சொல் 'கருவி'. மயிலுக்குத் தெரிந்தது 'போக்குவரத்து வசதி'. சூரனை 'நிராகரிக்கப்பட்ட சரக்கு' ஆக்கினேன். கந்தபுராணம் பராமரிப்புத் துறையின் வாராந்திர அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் பெண்கள்? மனைவி என்பதற்குச் சொல் தெரியும், இரண்டு என்பதற்கும் தெரியும். சேர்த்துச் சொன்னேன். பையனின் காது சிவந்தது. குட்டையன் தன் டையைக் கவனமாக ஆராய்ந்தான். பலதார மணம் இவர்கள் சபையிலும் ஒருகாலத்தில் இருந்து, 1890-ல் கைவிடப்பட்டது என்ற வரலாறு எனக்கு அன்று ராத்திரிதான் கிடைத்தது. இரண்டாவது கல்யாணம் அப்பா அம்மா சம்மதத்தோடு நடந்ததா என்று பையன் கேட்டபோது, வள்ளி கதைக்கு வேண்டிய யானை மட்டும் என்னிடம் இருந்தது, செயலியின் தயவில். ஆப்பிளோடு.

அடுத்தது குழாய். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. உதவி செய்வது ஊழியத்தில் ஒரு பகுதி என்பதால், "நாங்களும் கடைக்கு வருகிறோம்" என்றார்கள். மூவரும் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். குழாய்க்கு என்ன சொல் என்று எனக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. குட்டையனுக்குத் தெரியும், ஆனால் அவன் 'அப்பா' ஆயிற்றே. மகன் தானாகப் பேசிப் பழகட்டும் என்று கைகட்டி நின்றுவிட்டான். நான் முன்னேறி, "குறைபாடு. அவசரம். தண்ணீர்" என்றேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். பையன் துணைக்கு வந்து, "வீட்டில் நிற்காத ஞானஸ்நானம்" என்றான். கடைக்காரர் ஒரு ஷவரை எடுத்து வைத்தார். நியாயம்தான். கடைசியில் மனைவிக்குப் போன் போட்டு, கடைக்காரர் காதில் கொடுத்தேன்.

"தோழ்னேரா!" என்று அவர் சிரித்துக்கொண்டே புதுக் குழாயை எடுத்து நீட்டினார்.

அந்த 'ழ'வைக் கவனித்தீர்களா? பிராசிகாபா வட்டாரத்துக்காரர்கள் சொல்லின் நடுவில், மெய்க்கு முன்னால் வரும் ரகரத்தை நாக்கை மடித்து, அட்சர சுத்தமாக நம் ழகரமாகவே சொல்கிறார்கள். கதவு 'போழ்த்தா', பச்சை 'வேழ்ஜி', இறைச்சி 'காழ்னி'. சாவ் பாவ்லோ நகரத்து ஆட்கள் இதைப் பட்டிக்காட்டு உச்சரிப்பு என்று கேலி செய்வார்கள். அமெரிக்க ரகரமும் கிட்டத்தட்ட இதேதான். ஆறு வாரமும் ஆசிரியர்கள் பையனின் நாக்கை நிமிர்த்தப் படாதபாடு பட்டிருக்கிறார்கள். அது நிமிரவில்லை. பிராசிகாபாவுக்கு வந்தான், கடைக்காரர் அவனைப் பார்த்து, "தம்பி நம்ம பக்கமா?" என்று கேட்கிறார்! கதவைப் 'போஹ்த்தா' என்று சொல்லும் சியாராக்காரனிடம், "நீ எந்த ஊரப்பா?" என்கிறார்.

மனைவி கும்பகோணத்துப் பெண், அவளுக்குப் பிறவியிலேயே வரும். மகளுக்கும் வந்துவிட்டது. எனக்கு? நான் தூத்துக்குடி. வாளப்பளம், மளை, கிளவி. பள்ளியில் தமிழய்யா பிரம்பை வைத்துக்கொண்டு 'ஏழை கிழவன் வாழைப்பழத்தோல் வழுக்கி விழுந்தான்' என்று சொல்லவைத்து, பாதியில் அவரே சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ழகரம் கடல்தாண்டி வந்து, ஒரு குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று அவர் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார். நான் இன்றைக்கும் 'தோள்னேரா' என்றுதான் சொல்கிறேன். யாருக்கும் புரிவதில்லை.

மானத்தைக் காப்பாற்ற ஊர்ப்பெருமையை எடுத்துவிட்டேன். எங்கள் முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஒருவர் வந்தார், அண்ட்ரிக் அடிகளார் என்று பெயர், புன்னைக்காயல் பக்கம் இருந்து தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார், 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார், இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களில் அதுவும் ஒன்று என்று இங்கிலீஷில் முழங்கினேன். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அவருக்கு அந்த ழகரம் வந்ததா?"

குட்டையனிடமும் சரக்கு இருந்தது. இவர்களுடைய ஊழியர்கள் 1928-ல் பிரேசிலில் முதலில் போய் இறங்கியது தெற்கே ஜொயின்வில்லி ஊரில், ஜெர்மானியக் குடியேறிகளிடம். ஊழியமும் ஜெர்மனில்தான் நடந்தது. பத்து வருஷம் கழித்து, 1938-ல், கெட்டூலியோ வர்காஸின் அரசாங்கம் பொதுக் கூட்டங்களில் அந்நிய மொழி கூடாது என்று தடை போட்டதும் எல்லோரும் போர்ச்சுகீசியத்துக்குத் தாவ வேண்டியதாயிற்றாம். இதை என் மகள் கேட்டுக்கொண்டிருந்தது என் துரதிர்ஷ்டம். அன்று ராத்திரியே சாப்பாட்டு மேசையில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் தடை பிறப்பித்தாள். ரசம் வேண்டுமென்றால் போர்ச்சுகீசியத்தில் கேட்க வேண்டும். மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்தேன்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இவர்களுக்கு இடமாற்றப் பட்டியல் வரும். ஐடஹோ பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். விடைபெற வந்தபோது வாசலில் நின்று மனைவியோடு கால்மணி நேரம் பேசினான். வாராவாரம் அம்மாவோடு போனில் பேச 2019-லிருந்துதான் அனுமதி, அதற்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டே தடவைதான் என்று அவன் சொன்னதும் இவள், "பெத்தவ எப்படிப்பா தாங்குவா?" என்று போர்ச்சுகீசியத்தில் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றுக்கும் சிம் என்றேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அப்புறம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இந்தப் பக்கம் மாற்றலாகி வரப்போகிற தமிழன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காபிப்பொடி சுமந்து வராதீர்கள், இங்கே தாராளமாகக் கிடைக்கும். பெருங்காயம் கொண்டுவாருங்கள். முடிவெட்டப் போகும்போது வீட்டம்மாவைக் கூட்டிப்போங்கள். வெள்ளைச் சட்டைப் பையன்கள் வந்தால் மோர் கொடுங்கள், மிளகாயைக் குறைத்து. கும்பகோணம் பக்கத்து ஆளாக இருந்தால் இங்கே மொழி சுலபம். தூத்துக்குடிக்காரர்கள் கிளம்புமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள், சேர்ந்து பயிற்சி எடுக்கலாம்.