எலி கடித்த வேகம்

கேள்வி: வீட்டில் எல்லார் செல்போனிலும் நெட் பறக்கிறது. என் கம்ப்யூட்டரில் மட்டும் ஊர்கிறது. ஜவ்வாது மலை சிக்னலை மறைக்கிறதா?
(ஒரு வாசகர், சந்தவாசல்)

பதில்: மலையை விடுங்கள், அது பாட்டுக்கு நிற்கிறது! மறைப்பதென்றால் செல்போனுக்கும் சேர்த்துத்தானே மறைக்கும்? தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் ஒரு குழாய் மட்டும் சொட்டினால், கோளாறு அந்தக் குழாயில்தான்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, நெட்வொர்க் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெரியும் சந்து அது. ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தால் 5-க்கு மாறுங்கள். ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால், உங்கள் வீட்டு ஜவ்வாது மலை அதுதான்.

கேபிள் என்றால் என் கதையைக் கேளுங்கள். 300 எம்பிபிஎஸ் கட்டணம் கட்டி, 95-ஐத் தாண்டாமல் ஒரு மாதம் கம்பெனிக்காரரோடு சண்டை போட்டேன். கடைசியில் கட்டிலுக்கு அடியில் பார்த்தால், கேபிளின் 8 கம்பிகளில் நீலமும் பழுப்பும் எலிக்குப் பலகாரம். 1,000 வேகத்துக்கு 8 கம்பியும் வேண்டும். 100-க்கு நாலே போதும். ஆரஞ்சையும் பச்சையையும் விட்டுவைத்த தர்மவான் எலி!

சரியானபின் டவுன்லோடு 37 என்று காட்டினால் மறுபடி எனக்கு எழுதாதீர்கள். அது மெகாபைட், பிளானில் இருப்பது மெகாபிட். 300-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள்.