சீட்டைப் பாருங்கள், ஆளையும் பாருங்கள்

கேள்வி: ரத்தம் சிவப்பு. கையில் தெரியும் ரத்தக்குழாய் மட்டும் ஏன் பச்சையாக, நீலமாக இருக்கிறது?
— பள்ளி மாணவி, சேலையூர்

பதில்: உள்ளே ஓடுவது சிவப்புதான். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் என்பதால் கொஞ்சம் கருஞ்சிவப்பு. தோலில் விழும் வெளிச்சத்தில் சிவப்பு ஆழமாகப் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. நீலம் மேலாகவே சிதறித் திரும்பிவிடுகிறது. கண்ணுக்கு வருவது அதுதான். லேபில் ரத்தம் எடுக்கும் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், இதுவரை ஒருவரிடமும் பச்சை ரத்தம் எடுத்திருக்க மாட்டார்.

கேள்வி: பத்து வருடமாக ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறேன். சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்காலில் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்கிறது. தைலம் தேய்த்தால் சரியாகுமா?
— விற்பனைப் பெண், மேற்குத் தாம்பரம்

பதில்: ஆகாது தங்கச்சி. தைலம் தோலோடு நின்றுவிடும், கோளாறு உள்ளே வால்வில் இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் தமனிக்குச் சுவர் தடிமன்; இதயம் தள்ளுகிற வேகத்தைத் தாங்க வேண்டுமே. திரும்பி வரும் சிரைக்குச் சுவர் மெல்லியது. ஆனாலும் பாதத்து ரத்தம் நெஞ்சு வரை ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கிச் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்கிவிடாமல், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல வால்வு மூடிக்கொள்கிறது. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நூல் எழுதிய வில்லியம் ஹார்வி, கையில் கட்டுப் போட்டுக் காட்டி, இந்த வால்வுகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார். அசையாமல் நின்றால் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் தேங்கிச் சிரை விரிகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. அதுதான் வெரிகோஸ்.

உட்காருவது உங்கள் உரிமை. ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. கடையில் ஸ்டூல் இல்லையென்றால் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். நிற்கும் நேரத்தில் அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உள்ளே உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: புடவை எடுத்துக் காட்டுகிறவர் உட்கார்ந்திருந்தால் அதில் உங்களுக்கு ஒரு மரியாதையும் குறைந்துவிடாது.

கேள்வி: போன மழைக்காலத்தில் பையனுக்கு டெங்கு. பிளேட்லெட் 40,000க்கு இறங்கியும் டாக்டர் ஏற்றவில்லை. அலட்சியம்தானே?
— ஓர் அப்பா, ஊரப்பாக்கம்

பதில்: அலட்சியமில்லை, அனுபவம். 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 40,000 என்றால் பெற்றவர் வயிறு கலங்கும்தான். ஆனால் ரத்தக்கசிவு இல்லாதபோது அந்த எண்ணுக்காக மட்டும் ஏற்றுவதில்லை. டெங்குவில் பெரிய ஆபத்து, ஒற்றை அடுக்குச் செல்லால் ஆன நுண்குழாய்ச் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிவது. அது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில் நடக்கிறது, நாம் “அப்பாடா” என்று உட்காரும் அதே நேரத்தில். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் லேப் சீட்டுக்குக் காத்திராமல் ஓடுங்கள்.

கேள்வி: அண்ணன் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறார். சிடி4 நன்றாக ஏறிவிட்டது. நிறுத்தலாமா? சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கவே கூச்சப்படுகிறார்.
— பல்லாவரம்

பதில்: நிறுத்தவே கூடாது. சிடி4 என்பது மற்ற வெள்ளணுக்களை வேலைக்கு அழைக்கும் வெள்ளணு. அதற்குள்தான் எச்.ஐ.வி. புகுந்து பெருகுகிறது. ஒரு கன மில்லிமீட்டரில் 500க்கு மேல் இருக்க வேண்டியது 200க்குக் கீழே போனால் காசநோய் முதல் பலதும் எளிதில் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை ஏறியது மாத்திரையால். மாத்திரை நின்றால் வைரஸ் திரும்பும். 2017 முதல் சிடி4 எவ்வளவு என்று பார்க்காமல், தொற்று உள்ள எல்லோருக்கும் மருந்து தருகிறார்கள்.

கூச்சம் எதற்கு? கணிதமேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் சவுரிமுத்து, காசநோயாளிகளுக்காக 1928இல் தொடங்கிய இடம் அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். பல இடங்களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பயந்த காலத்தில், தாம்பரம் சானடோரியம் படுக்கை கொடுத்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று. அண்ணன் தலைநிமிர்ந்தே இறங்கட்டும்.

கேள்வி: பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?
— இல்லத்தரசி, சிட்லபாக்கம்

பதில்: பீட்ரூட்டின் சிவப்பு வெறும் சாயம், அதில் இரும்பு கொஞ்சம்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் சோகை இருக்கிறது. கீரையை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதை நீங்கள் சாப்பிடுவதாக இருந்தால், கொல்லையில் முருங்கை மரமே நின்றாலும் உங்கள் ஹீமோகுளோபின் ஏறாது.