புல்லுக்குப் பட்டா இல்லை

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் எதைக் காப்பாற்றுவது என்று கண்டறியக் குழு அமைக்கப்போகிறோம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டாதீர்கள். 2018-லேயே கண்டறிந்தாயிற்று. படம் போட்டும் காட்டியாயிற்று.

அரசுமணி, ராபின் விஜயன் முதலிய ஆய்வாளர்களும், மலையை அங்குலம் அங்குலமாக அறிந்த உள்ளூர் ஆர்வலர்களும் சேர்ந்து செய்த வேலை அது. நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டார்கள். நேரில் நடந்தும் சரிபார்த்தார்கள். பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடு காணோம். சோலைக்காட்டில் 31 விழுக்காடு காணோம். மிச்சமிருக்கும் புல்வெளிகளில் முதலில் காக்க வேண்டியவை எவை என்பதையும் குறித்துக் கொடுத்தார்கள். இதற்குமேல் ஓர் அரசாங்கத்துக்கு எப்படித்தான் ஊட்டிவிடுவது?

புல்லை விழுங்கியது யார்? மரம்தான். வாட்டில், யூகலிப்டஸ், பைன். நட்டது கள்ளக்கடத்தல்காரன் அல்ல. காட்டைக் காக்கச் சம்பளம் வாங்கிய துறை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும், புல்தானே சும்மா கிடக்கிறது என்றார்கள். சும்மா கிடப்பதை நம் அரசுகள் பொறுத்துக்கொள்வதே இல்லை, அலுவலகத்துக்குள் தவிர.

புல் சும்மா கிடக்கவில்லை. பனியையும் மழையையும் வாங்கி மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. வரதமாநதி, குதிரையாறு, பாலாறு பொருந்தலாறு, மஞ்சளாறு, மருதாநதி என்று அடிவாரத்தைச் சுற்றி அணை கட்டினோமே, அவற்றுக்கெல்லாம் தண்ணீர் கலெக்டர் அலுவலகத்திலிருந்தா இறங்கி வருகிறது? சண்முக நதியில் முழுக்குப் போட்டு முருகா என்று எழும் பக்தர் முதலில் கும்பிட வேண்டியது மேலே இருக்கும் புல்லை. அந்தப் புல்லின் மேல்தான் தண்ணீரை உறிஞ்சும் அயல் மரங்களை ஏற்றிவிட்டோம்.

அப்படி நட்டதையே சுற்றுலாத் தலமாகவும் ஆக்கிவிட்டோம். பைன் காட்டில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஆகா, என்ன இயற்கை என்கிறோம். குறிஞ்சி பூக்கும் ஆண்டில் மட்டும் புல்வெளியைத் தேடி ஓடுகிறோம். கடைசியாகப் பூத்தது 2018-இல். எந்த ஆண்டில் புல் போயிற்று என்று கணக்குக் காட்டினார்களோ, அதே ஆண்டில்.

இன்னொரு கூத்தும் உண்டு. அயல் மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் வாட்டிலை வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு காலம் காத்துக் கிடக்கும். வெயில் பட்டால் முளைத்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரங்களே மெல்லத் தலைகாட்டுகின்றன. அங்கே கோடரி வைப்பது இரண்டாவது குற்றம். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதற்குத்தான் வரைபடம். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது டன் கணக்கு. புல்வெளியில் மீண்டும் மரக்கன்றை நட்டு, மாலை போட்டு, மைக் வைத்துப் பேசும் பிரமுகரின் கணக்கு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சட்டம்? 2011-இல் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் தரம் பிரித்துக் கொடுத்தது. கடுமையாக இருக்கிறது என்று கஸ்தூரிரங்கன் குழுவை வைத்து, காக்க வேண்டிய பரப்பை 37 விழுக்காடாகச் சுருக்கினார்கள். 2014-இல் முதல் வரைவு அறிவிக்கை. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. மறுநாள் ஆறாவது வரைவு வந்தது. அதுவும் வரைவுதான். மலைக்கு அவசரம், காகிதத்துக்கு இல்லை.

கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கிக்கு வாருங்கள். 2013-இல் 608.95 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். வனத்துறை கல் நட்ட இடத்தோடு அக்கறையும் முடிந்துவிடும். இந்தப் பக்கம் பட்டா நிலம். மலைப்பூண்டும் கேரட்டும் உருளையும் விளைந்த படிக்கட்டு வயல்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூண்டு விளையும் மண்ணுக்கு என்ன குறியீடு? வியூ பாயிண்ட்! சென்ட் இவ்வளவு! பொக்லைனுக்கும் ஜேசிபிக்கும் மலையில் தடை இருக்கிறது. தடை இருக்கிறது, ராத்திரியும் இருக்கிறது.

காப்புக்குக் கூட்டாண்மை வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். கூட்டாண்மை இல்லை என்று யார் சொன்னது? நிலம் விற்பவர், தரகர், சமவெளிப் பணம், கண்ணை மூடிக்கொள்ளும் கையெழுத்து. இத்தனை ஒற்றுமையான கூட்டணியைத் தேர்தலில்கூடப் பார்க்க முடியாது.

இந்த மலையில் ஒரு விடுதியின் மாடிக்கணக்கு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? பிளசண்ட் ஸ்டே வழக்கை மறந்துவிட்டோமா? பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. அந்த விடுதிக்கு விதியை மீறி மாடிகள் கட்ட அனுமதித்த வழக்கில், 2000 பிப்ரவரி 2-இல் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. அன்றே தருமபுரியில் கட்சிக்காரர்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் எரிந்து செத்தார்கள். 2001-இல் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மேல்முறையீடு இல்லை.

இப்போது இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றமே வரம்பு கட்ட வேண்டியிருந்தது. மலையேறும் கார் எத்தனை என்று துல்லியமாகத் தெரிகிறது. மலையேறும் கான்கிரீட்டுக்கு மட்டும் ஏன் இ-பாஸ் இல்லை?

புதிய குழு வேண்டாம். புதிய ஆய்வு வேண்டாம். கருத்தரங்கும் மதியச் சாப்பாடும் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் புல்வெளிகளின் சர்வே எண்களை அரசிதழில் போடுங்கள். ஓடைக்கரைச் சரிவுகளின் எண்களையும் சேர்த்து, பத்திரப்பதிவு அலுவலக வாசலில் தமிழில் ஒட்டுங்கள். பெரிய செலவில்லை. பட்டியலும் நீளமாக இருக்காது. அந்த அளவுக்குத்தான் விட்டுவைத்திருக்கிறீர்கள்.