டாஷிமாவின் ஜெர்மன் காய்ச்சல்

கேமரா என்றால் ஜப்பான் என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1920களில் ஒரு ஜப்பான்காரரிடமே போய் “இது ஜப்பான் கேமராங்க” என்று நீட்டியிருந்தால், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, நல்ல கேமரா எங்கே?” என்று கேட்டிருப்பார்.

இந்தக் கதையின் முதல் ஹீரோ ஒரு மருந்துக் கடைக்காரர். டோக்கியோவில் கோனிஷியா என்ற கடையின் வாரிசு, ரொக்குசபுரோ சுகியுரா. ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போய்த் தன்னைப் போட்டோ பிடித்துக்கொண்டார். தன் மூஞ்சியைத் தானே பார்த்தார். அசந்துபோய்விட்டார். 1873ல் மருந்தோடு போட்டோ சாமானும் விற்க ஆரம்பித்து, அப்புறம் மருந்துக் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். பிற்காலத்தில் கோனிக்கா என்று உலகம் சுற்றிய கம்பெனிக்கு மூலதனம் அந்த மூஞ்சிதான்!

1903ல் அவர்கள் செர்ரி என்று ஒரு பெட்டிக் கேமரா போட்டார்கள். 1909ல் லில்லி என்று மடக்குக் கேமரா. அதே வருஷம் பேர்ல். செர்ரி, லில்லி, பேர்ல்... கேட்லாக்கா, கான்வென்ட் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரா என்று சந்தேகம் வரும். செய்தவர் ஜப்பானியர், வாங்கியவரும் ஜப்பானியர், பெயரில் மட்டும் சீமை வாசனை. அந்த லில்லிக்கு ஹெக்ஸர் என்ற சொந்த வீட்டு லென்ஸ் வாய்த்தது 1931ல். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் உலகத்தைப் பார்த்தாள்.

லில்லி மாதிரி பிளேட் கேமராவில் படம் எடுப்பது சாமான்யமான காரியமில்லை. முன்பலகையை இறக்க வேண்டும். குட்டித் தண்டவாளத்தின் மேல் லென்ஸை இழுக்க வேண்டும். துருத்தி விரியும். பின்னால் ஒரு தேய்த்த கண்ணாடி; கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அதைப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். மாமனார் கூரையிலிருந்து தொங்குவார். (சில மருமகன்கள் இதற்காகவே வாங்கியிருக்கலாம்.)

ஃபோகஸ் ஆனதும் ஷட்டரை மூடி, தேய்த்த கண்ணாடியைக் கழற்றி, பிளேட் ஹோல்டரைச் சொருகி, அதன் மூடியை உருவி, அப்புறம்தான் க்ளிக். அதற்குள் மாமனாரின் புன்னகை கெட்டுப்போயிருக்கும். மூடியை உருவ மறந்துவிட்டாலோ இன்னும் விசேஷம்: மாமனார் சிரித்தார், மருமகன் க்ளிக்கினார், கண்ணாடித் தகடுக்கு மட்டும் விஷயமே தெரியாது.

மடித்தால் கோட்டுப் பைக்குள் போகும் என்பதுதான் பெரிய பெருமை. உண்மைதான், கேமரா போகும். கண்ணாடித் தகடுகளைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில்தான் நம்ம கதாநாயகர் நுழைகிறார். கஸுவோ டாஷிமா, வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. 1928 நவம்பரில் ஒசாகா பக்கம் ஒரு கேமரா கம்பெனி தொடங்கினார். பெயர்ப்பலகையில் என்ன எழுதினார் தெரியுமா? ‘ஜப்பான்-ஜெர்மன் கேமரா கடை’! ஜெர்மனி அரசாங்கத்தோடு ஏதோ ஒப்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியில் இருந்த ஜெர்மனி மொத்தம் இரண்டு பேர்.

ஒருவர் பெயர் வில்லி ஹைலெமான். இன்னொருவர் பில்லி நொய்மான். வில்லி, பில்லி... சத்தியமாக நான் வைத்த பெயர்கள் இல்லை. தமிழ்க் காதுக்கு ஒருவர் சீரியல், ஒருவர் சூனியம்.

1929ல் முதல் கேமரா, நிஃப்காலெட் வந்தது. ஷட்டர் ஜெர்மனி, லென்ஸும் ஜெர்மனி. 1930ல் நிஃப்கா ஸ்போர்ட் என்று ஒரு மடக்கு பிளேட் கேமரா, தகடு 6.5க்கு 9 சென்டிமீட்டர். ஸ்போர்ட்டாம்! மேலே சொன்ன சடங்கையெல்லாம் செய்து எந்த விளையாட்டைப் படம் பிடிப்பது? நியாயமாகச் சொன்னால், ஃபைண்டரும் தூரம் குறித்த அளவுகோலும் உண்டு. துணி இல்லாமலும் எடுக்கலாம். ஆனால் ஒரு கோல் எடுத்துவிட்டு அடுத்த தகடு மாற்றி நிமிர்ந்தால் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.

1931ல் கம்பெனி பெயர் மோல்டா ஆனது. ‘டாஷிமாவின் இயந்திரம், ஒளியியல், லென்ஸ்’ என்பதன் சுருக்கம், அதுவும் ஜெர்மன் மொழியில். வில்லியும் பில்லியும் கொஞ்ச நாளில் கம்பியை நீட்டி, ஜப்பானிலேயே தனியாக ஷட்டர் தொழில் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மானியர் போய்விட்டார்கள், ஜெர்மன் மட்டும் போர்டில் நின்றது.

1933ல் கேமராவின் பெயர் ஆங்கிலத்துக்குத் தாவியது: மினோல்டா. அதுவும் சுருக்கம்தான். கடைசியில் வருகிறதே ஒரு ‘டா’, அது டாஷிமா. நம்ம ஊர் தியேட்டரில் விசில் பறக்குமே, அதே தோரணை ‘டா’! கேட்டவர்களுக்கு அவர் இன்னொரு விளக்கமும் வைத்திருந்தார். ஜப்பானிய மொழியில் மினோல்டா என்பது விளைந்த நெல்வயலையும் நினைவூட்டும். விளைந்த கதிர் தலைகுனியும், நீயும் பணிவாக இரு என்பது அம்மா சொன்ன புத்திமதி. பிள்ளை அம்மா சொல்லைத் தட்டவில்லை. பணிவைச் சொல்லும் வார்த்தையிலேயே தன் பெயரை ஒட்டிக்கொண்டார்.

அந்தப் பெயரை முதன்முதலில் சுமந்தது எது? ஒரு மடக்கு பிளேட் கேமரா! ஜெர்மனியில் ஃபிலிம் சுருள் போடும் லைக்கா கேமரா வந்து எட்டு வருஷமாகி, கண்ணாடித் தகடே ஓய்வுபெறப் போகிற நேரத்தில். 1935ல் ஆட்டோ மினோல்டா என்று இன்னொன்று வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டின் பிளாவ்பெல் மக்கினாவைப் பார்த்து எழுதிய பரீட்சை என்று கேமரா சேகரிப்பவர்கள் சிரிப்பார்கள். பிட் அடித்தாலும் நல்ல மாணவனாகப் பார்த்து அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1972ல் லைக்காவைச் செய்துவந்த லைட்ஸ் கம்பெனியே வந்து மினோல்டாவோடு கைகுலுக்கியது. அடுத்த வருஷம் வந்த லைக்கா சிஎல் கேமராவைச் செய்து கொடுத்தது மினோல்டாதான். எழுபது வயதைத் தாண்டிய டாஷிமா அப்போதும் தலைவர் நாற்காலியில் இருந்தார். ஜப்பானில் அதே கேமராவுக்கு லைட்ஸ் மினோல்டா சிஎல் என்று பெயர். ஜெர்மன்காரர் பெயர் முன்னால், பின்னாலேயே அந்த ‘டா’.