தங்கக் குதிரைக்காரனுக்கு ஒரு கும்பிடு

ஏலே பேராண்டி, எல்டன் ரிங் வாங்கிட்டியாமே? நல்ல காரியம்ல. ஏற்கெனவே வெளையாடுன பயலுவ ஒருத்தனும் உன்னைத் தடுத்திருக்க மாட்டான். தான் பட்ட பாட்டை நீயும் படணும்ல, அந்த நல்ல மனசுதான். 2022-ல வந்த ஆட்டம். எடுத்தவரு ஹிடேடாகா மியாசாகினு ஜப்பான்காரர். பழங்கதை எழுத அமெரிக்காவுலேருந்து ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பிடிச்சிருக்காவ. தான் படைச்ச ஆளுவளையே ஈவு இரக்கமில்லாம சாவடிக்கிற மனுசன். உனக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு நீயே யோசிச்சுக்க.

மொதல்ல ஆளு தேர்ந்தெடுக்கச் சொல்லும். பத்துப் பேரு உண்டு. அதுல ரெட்ச்சுங்கவன் இடுப்புத் துணியும் ஒரு தடியுமா லெவல் 1-ல நிப்பான். "கெத்து தாத்தா"ன்னு அவனை எடுத்துத் தொலைச்சிராத. வேகபாண்டை எடு, கவசமும் கேடயமும் இருக்கு, நாலு அடி தாங்குவான்.

லிம்கிரேவ் வெளிக்கு வந்தா, எதிர்த்தாப்புல தங்கக் கவசம் போட்டு ஒருத்தன் குதிரையில சாவகாசமா உலாத்துவான். ட்ரீ சென்டினல். ஆரம்பத்துலயே நிக்கான்னா சுளுவாத்தான் இருப்பான்னு உன் காலேஜ் படிப்பு சொல்லும். போயேன், போயி நலம் விசாரிச்சுட்டு வா. எனக்குப் பட்டதைச் சொல்லுதேன்: ஓடக் கத்துக்கிடத்தான் அவனை அங்க நிறுத்தியிருக்கு. தூரத்துலயே ஒரு கும்பிடு போட்டுட்டு, சுத்தி எல்லே சர்ச்சுக்குப் போயிரு. அப்புறம் கேட்ஃப்ரன்ட் பக்கம் மெலினா வருவா. டோரன்ட்னு குதிரையைக் கூப்பிட ஒரு விசில் தருவா. இப்ப இன்னும் வேகமா ஓடலாம்!

எதிரியைக் கொன்னா ரூன் கெடைக்கும், அது சேர்ந்தா லெவல் ஏத்து. உன் கை நேரா ஸ்ட்ரென்த்துக்குத்தான் போகும், தெரியும். உசிரு கூடுற விகர்ல போடுல. செத்தா ரூன் செத்த எடத்துலயே கெடக்கும். எடுக்கப் போற வழியில மறுபடி செத்தா அம்புட்டும் கோவிந்தா.

ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசல்ல மார்கிட்னு ஒருத்தன் நிப்பான். இவன்தான் உன் நெசமான வாத்தியார். தடியை ஓங்குவான். ஓங்கினபடியே நிப்பான். பந்தியில சாம்பார் வாளிக்காரன் கரண்டியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து ஆளுகிட்ட ஊர்க்கதை பேசுவாம்ல, அந்தத் தோரணை. நீ பதறி உருளுவ. உருண்டு எந்திரிக்க வரைக்கும் பொறுத்திருந்து, நடு மண்டையில இறக்குவான். ஓங்குறதைப் பாத்து உருளாத, எறங்குறப்போ உருளு.

அப்பவும் முடியலைன்னா அங்கயே மல்லுக்கு நிக்காத. தெக்க வீப்பிங் பெனின்சுலா கெடக்கு. அங்க மூணு சர்ச்சுல சேக்ரட் டியர் உண்டு. அதைச் சேத்தா நீ காயத்துக்குக் குடிக்கிற குடுவை மருந்து வீரியமாகும். மின்னுத குட்டி மரத்தடியில கோல்டன் சீட் எடுத்தா மடக்கும் கூடும். தேத்திக்கிட்டு வா. மார்கிட் எங்கயும் போவ மாட்டான், அவனுக்கு வேற சோலி கெடையாது.

தரையில மத்த ஆட்டக்காரன் எழுதிவச்ச எழுத்து மின்னும். மலை விளிம்புல "குதி"ன்னு இருந்தா, எழுதுனவன் நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திட்டு நகந்துரு.

கடைசியா ஒண்ணு. ஆகீல் ஏரியில டிராகன்-பர்ன்ட் இடிபாடு இருக்கு. படி எறங்கினா கீழ ஒரு பெட்டி. தாத்தா சொல்லுதேன், தைரியமாத் தொற. புகை வந்தா பயப்படாத. கண்ணு முழிக்கையில கேலிட் சீமைச் சுரங்கத்துல கெடப்ப. வெளிய வர்ற வரைக்கும் வேற எடத்துக்குத் தாவவும் முடியாது. வந்ததும் போன் போடு. எடுக்க மாட்டேன்.